லீகல்லி பிளைண்ட் என்று டாக்டரே எழுதியும் எச்54.8 ஏன் தவறாகிறது?

கேள்வி: சென்னையில் ஒரு மெடிக்கல் கோடிங் நிறுவனத்தில் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. அமெரிக்கக் கண் மருத்துவமனைகளின் சார்ட்டுகளை (நோயாளிக் குறிப்புகள்) பார்த்து நோய்க்கான கோட் போடுகிறேன். போன வாரம் ஒரு சார்ட்டில் இப்படி இருந்தது: டைப் 2 சர்க்கரை நோய், இரண்டு கண்ணிலும் மாக்குலர் எடிமாவுடன் ப்ரொலிஃபரேட்டிவ் ரெட்டினோபதி (விழித்திரை மைய வீக்கத்துடன் முற்றிய விழித்திரை நோய்), இரண்டு கண்ணிலும் லோ விஷன், நோயாளி லீகல்லி பிளைண்ட். சிறந்த கண்ணாடித் திருத்தத்துடன் பார்வை வலது 20/400, இடது 20/200 (கீழ் எண் கூடக் கூடப் பார்வை மோசம்). ஐசிடி-10-சிஎம் நோய்க் கோடுகளில் இ11.3513 (அந்த சர்க்கரைக் கண் நோய்), எச்54.8 (லீகல் பிளைண்ட்னஸ்) என்று போட்டேன். எச்54.8 தவறு என்று ஆடிட்டில் மதிப்பெண் போய்விட்டது. டாக்டரே எழுதியிருக்கும்போது எப்படித் தவறாகும்?

பதில்: ஆடிட்டர் அந்தக் கோடைத் தவறு என்றது சரிதான். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டதால், அடுத்த சார்ட்டிலும் நீங்கள் இதையேதான் போடுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், இ11.3513 சரி. அதை முன்னால் வைத்ததும் சரி. எச்54-இன் தலைப்பிலேயே, பார்வையிழப்புக்குக் காரணமான நோயை முதலில் கோட் செய்யச் சொல்லும் குறிப்பு இருக்கிறது.

லீகல்லி பிளைண்ட் என்பது சட்டத்தின் சொல். இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் 20/200 அல்லது அதற்கும் மோசம். இல்லையென்றால் பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பு) 20 டிகிரிக்கு மேல் இல்லை. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி உதவித்தொகைக்கும் வருமான வரிச் சலுகைக்கும் இந்த அளவுதான். விண்ணப்பத்துக்குத் தேவைப்படுவதால் டாக்டர்கள் இந்தச் சொல்லை சார்ட்டில் எழுதுகிறார்கள். எச்54 குடும்பமோ உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நிற்கிறது. அங்கே அளவுகோலே வேறு.

அந்த அட்டவணையை ஒரு முறை கையால் எழுதிப் பாருங்கள், மனதில் நின்றுவிடும். 20/70-ஐ விட மோசம், ஆனால் 20/200 வரை தெரிகிறது என்றால் கேட்டகரி 1. 20/200-ஐ விட மோசம், 20/400 வரை தெரிகிறது என்றால் 2. இந்த இரண்டும் லோ விஷன். 20/400-ஐ விட மோசமாகி, ஒரு மீட்டரில் விரல் எண்ண முடிகிற வரைக்கும் 3. அதற்கும் கீழே, வெளிச்சம் மட்டும் தெரிகிற வரைக்கும் 4. வெளிச்சமே தெரியாவிட்டால் 5. இந்த மூன்றும் பிளைண்ட்னஸ். நிர்ணயிக்கப்படாதது 9.

சரி, உங்கள் நோயாளிக்கு வருவோம். இடது கண் 20/200, சரியாக எல்லைக் கோட்டில். எல்லையில் நிற்பவர் லேசான வகையிலேயே சேர்வார். ஆகவே அது கேட்டகரி 1. வலது 20/400, அதுவும் எல்லையில்தான், ஆகவே 2. சட்டத்தின் முன் இவர் பார்வையற்றவர். எச்54 அட்டவணையில் இரண்டு கண்ணிலும் லோ விஷன் உள்ளவர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. டாக்டர் எதையும் தப்பாக எழுதவில்லை.

இனி எச்54.8-க்குக் கீழே இருக்கும் எக்ஸ்க்ளூட்ஸ் 1 குறிப்பை (இந்தக் கோடோடு சேர்த்துப் போடக் கூடாதவை) படியுங்கள். பாதிப்பின் அளவு சொல்லப்பட்ட லீகல் பிளைண்ட்னஸுக்கு எச்54.0 முதல் எச்54.7 வரை போ என்கிறது. இந்த சார்ட்டில் இரண்டு கண்ணிலும் லோ விஷன் என்று அளவு வந்துவிட்டது. எச்54.8 அங்கேயே விழுந்துவிடுகிறது.

அப்படியானால் எது? வலது கேட்டகரி 2, இடது 1 என்பதற்கான கோட் எச்54.2எக்ஸ்21. கேட்டகரியைக் கண்வாரியாகச் சொல்லும் இந்தக் கோடுகள் 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் இதையும் உடனே போட்டுவிடாதீர்கள். டாக்டர் கேட்டகரி எண்ணை எழுதவில்லை. லோ விஷன் என்று எழுதி கேட்டகரியை எழுதாவிட்டால், இரண்டு கண்ணுக்கும் எச்54.3, ஒரு கண்ணுக்கு எச்54.6 வரிசை, ஒரு கண்ணா இரண்டு கண்ணுமா என்றே தெரியாவிட்டால் எச்54.7 என்று அதிகாரபூர்வ கைட்லைன் சொல்கிறது. அட்டவணையைப் பார்த்து நாமே எண்ணை நிரப்புவதை சில கிளையண்ட்டுகள் ஏற்பார்கள். அதை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் டாக்டருக்கு ஒரு கொரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்புவதுதான் முறை. பதில் வராவிட்டால் எச்54.3.

கொரியில் விடையைத் திணிக்கக் கூடாது. கேட்டகரி 2 என்று எழுதலாமா எனக் கேட்டால் அது வழிநடத்தும் கேள்வி. "இரு கண்களிலும் லோ விஷன் என்று குறிப்பிட்டுள்ளீர்கள், பார்வை அளவு 20/400, 20/200 எனப் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு கண்ணுக்கும் பார்வைக் குறைபாட்டின் கேட்டகரியைத் தெரிவிக்க முடியுமா?" இவ்வளவு போதும். ஒருமுறை நல்ல பதில் கிடைத்துவிட்டால், அதே டாக்டர் அடுத்த சார்ட்டிலிருந்து தானாகவே எழுதத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சார்ட்டில் பார்வை எண்ணுக்குப் பக்கத்தில் எஸ்சி என்றிருந்தால் கண்ணாடி இல்லாமல், சிசி என்றிருந்தால் கண்ணாடியோடு. எச்54 கேட்பது சிறந்த திருத்தத்துக்குப் பிறகான பார்வை. கண்ணாடி இல்லாமல் 20/400 இருக்கும் கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடி போட்டால் 20/20 படிப்பார். அவரை லோ விஷனில் சேர்த்தால், இல்லாத ஒரு ஊனம் அவருடைய மருத்துவப் பதிவில் ஏறிவிடும். அதை நீக்க அவர் எத்தனை இடத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் டாக்டர் லோ விஷன் அல்லது பிளைண்ட்னஸ் என்று எழுதாமல், எண்ணை மட்டும் வைத்து எச்54 போடக் கூடாது.

கிளாக்கோமா (புறப் பார்வையைக் குறைக்கும் கண் நோய்) சார்ட் வந்தால் பார்வைப் புலத்தையும் பாருங்கள். மையப் பார்வை 20/40 என்று நன்றாக இருந்தாலும், மையத்தைச் சுற்றிப் புலம் 10 டிகிரிக்கு மேல் இல்லாவிட்டால் கேட்டகரி 3, 5 டிகிரிக்கு மேல் இல்லாவிட்டால் 4.   டாக்டர் லீகல்லி பிளைண்ட் என்று மட்டும் எழுதி, பாதிப்பின் அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால், எச்54.8 பொருந்துவது அங்கேதான்.

ஆடிட் முடிவுக்கு ரீபட்டல் (மறுப்பு) போடுவதானால் எச்54.8-க்காக வாதாடாதீர்கள். ஆடிட்டர் எந்தக் கோடைச் சரியென்று காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். அது எச்54.2எக்ஸ்21 என்றால், கேட்டகரி சார்ட்டில் எந்த இடத்தில் இருக்கிறது, அல்லது கிளையண்ட்டின் எந்த அறிவுறுத்தலின்படி எடுத்தீர்கள் என்று கைட்லைன் வரியை மேற்கோள் காட்டிக் கேளுங்கள்.