சனகெரிப் வந்த ஆண்டு எது?

கேள்வி: விவிலியத்தின் ஆண்டுக் கணக்கை வரலாறாகக் கொள்ளலாமா?

பதில்: நிகழ்ச்சிகளைப் பல இடங்களில் நம்பலாம், ஆண்டுகளை ஒத்துப் பார்த்தே ஏற்க வேண்டும். அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்ததை இரண்டாம் இராஜாக்கள் நூலும் சொல்கிறது, அவனே எழுதுவித்த களிமண் பட்டகமும் சொல்கிறது. யூதாவின் அரசன் எசேக்கியா கட்டிய திறையில் பொன் இரண்டிலும் 30 தாலந்து (பழைய எடை அளவு), வெள்ளி மட்டும் நூலில் 300, பட்டகத்தில் 800. (வென்றவன் கணக்கு வீங்குவது வியப்பில்லை.) ஆனால் அந்நூலின் 18ஆம் அதிகாரம், எசேக்கியாவின் 6ஆம் ஆட்சியாண்டில் வட நாடான இஸ்ரேலின் தலைநகர் சமாரியா வீழ்ந்தது என்றும் 14ஆம் ஆண்டில் சனகெரிப் வந்தான் என்றும் கூறுகிறது. சமாரியா வீழ்ந்தது கி.மு. 722 வாக்கில், சனகெரிப் வந்ததோ கி.மு. 701இல். எட்டாண்டு இடைவெளி இருபதைத் தாண்டிவிடுகிறது. எசேக்கியா தன் தந்தை ஆகாஸுடன் சேர்ந்து ஆண்ட காலத்திலிருந்து ஒரு கணக்கும், தனியாட்சியிலிருந்து மற்றொன்றும் எண்ணப்பட்டன என்பார் உண்டு. அது ஊகமே, நூலில் அப்படி ஒரு சொல்லும் இல்லை.