பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இடம்: கேள்வி – பதில்

செட்டிநாட்டு ஊர்களில் பூங்கா அமைப்பது, பழையதைச் சீர்படுத்துவது பற்றி வந்த கேள்விகளில், இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான இடம் குறித்தவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான அளவுகள் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேட்டில் உள்ளவை. நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் வேண்டியதைச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் பகுதிப் பூங்காவில் 40 அடிக்கு 30 அடி மூலை ஒன்று ஒதுக்கியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் விளையாட்டுச் சாமான்கள் வாங்கித் தருகிறேன் என்கிறார். சறுக்கு, ஊஞ்சல், சீசா, ராட்டினம் நான்கையும் கேட்டு வாங்கிவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

நான்கும் வேண்டாம். அவர் தரும் பணத்தில் பெரும்பங்கைத் தரைக்கும் நிழலுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். மிச்சத்தில் ஒரு சறுக்கு வாங்கினாலே போதும்.

சாமானின் நீள அகலத்தை மட்டும் பார்த்தால் நான்கும் உங்கள் மூலையில் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி, பிள்ளை விழுந்தால் விழும் இடமாகக் காலியாக இருக்க வேண்டும். 10 அடி நீளம், 3 அடி அகலமுள்ள சறுக்குக்கு இந்தக் கணக்கில் 22 அடிக்கு 15 அடி போய்விடும். ஊஞ்சல் இன்னும் அதிகம் கேட்கும். கால் நுழைத்து உட்காரும் கூடை ஊஞ்சல் 7 அடி உயரத்தில் தொங்கி, இருக்கை தரையிலிருந்து 2 அடியில் இருந்தால், இடையில் உள்ள 5 அடியின் இரு மடங்கை, அதாவது 10 அடியை, முன்னாலும் பின்னாலும் விட வேண்டும். அந்த இடத்தில் வேறு எதுவும் வரக்கூடாது, நடைபாதையும்கூட.

நடுவில் தாங்கு வைத்த சாதாரண சீசா இந்த வயதுக்கு ஆகாது. எதிரே இருக்கும் பிள்ளை சட்டென்று இறங்கினால் மற்றது தடாலென்று தரையில் மோதும். ஸ்பிரிங் வைத்த சீசா என்றால் சரி. ராட்டினத்தை விட்டுவிடுங்கள். பெரிய பிள்ளைகள் வேகமாகச் சுற்றிவிடுவார்கள், சின்னது பிடி நழுவி வெளியே போய் விழும்.

அடுத்தது தரை. நம் பக்கத்துச் செம்மண் நாலு நாள் மிதிபட்டாலே கல்லாக இறுகிவிடும். பேவர் பிளாக் அதைவிட மோசம். சிமெண்டுத் தளத்தின் மேல் பச்சைப் புல் விரிப்பு ஒட்டினால் கண்ணுக்கு மெத்தை போலத் தெரியும், மண்டைக்குச் சிமெண்டுதான். சறுக்கில் உயரமான இடத்திலிருந்து தலை முன்னால் வர விழுகிற பிள்ளையைக் காப்பாற்றுவது கீழே இருக்கும் மெத்துதான். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

9 அங்குல ஆழ மணல் 4 அடி உயரம் வரையிலான விழுகையைத் தாங்கும். மேடை 3 அடி உயரமுள்ள சறுக்குக்கு அது போதும். ஆனால் மணல் அமுங்கும், சிதறும். அதனால் 12 அங்குலம் நிரப்புங்கள். மேலே சொன்ன 22 அடிக்கு 15 அடி இடத்துக்கு 330 கன அடி வரும். நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 4 யூனிட்டாக வாங்கி, மிச்சத்தை அவ்வப்போது நிரப்ப வைத்துக்கொள்ளலாம். எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல்லின் தூள் கலந்திருப்பதால் ஒரு மழையிலேயே கெட்டித்துவிடும். தூசி இல்லாத, கழுவிய, உருண்டை மணியான மணல் வேண்டும். ஒரு கைப்பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தடிப்பாகப் படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

வெறும் குழி தோண்டி மணல் கொட்டினால் ஐப்பசி மழையில் அது குட்டையாகிவிடும், கீழே உள்ள செம்பொறைப் பாறை தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஒன்றரை அடி தோண்டி, அடியில் 6 அங்குலம் 20 மி.மீ. ஜல்லி பரப்பி, அதன்மேல் தண்ணீரை மட்டும் கீழே விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, பிறகு மணல் போடுங்கள். துணி இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, ஜல்லி மேலே வந்துவிடும். குழியின் தாழ்ந்த மூலையிலிருந்து வடிகாலுக்கு ஒரு குழாய் போக வேண்டும். சறுக்கின் கால்களில் 12 அங்குல மட்டத்தில் சிவப்புக் கோடு அடித்துவிட்டால், மணல் குறைந்ததைக் காவலாளி பார்த்தவுடன் தெரிந்துகொள்வார்.

ஊஞ்சலில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. அதன் விழும் உயரம் இருக்கையிலிருந்து அல்ல, சங்கிலி தொங்கும் இடத்திலிருந்து கணக்கு. 7 அடி ஊஞ்சலுக்கு மணல் போதாது. விழும் உயரத்துக்குச் சோதனைச் சான்று உள்ள ரப்பர் தளமோ, 9 அங்குலத்துக்குக் குறையாத மரச் சில்லோ வேண்டும். மரச் சில்லுக்கு நம் ஊரில் கரையான் வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மணல்தான் முடியும் என்றால் ஊஞ்சலை விட்டுவிடுங்கள்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. பைப்பில் செய்து வாங்கினால் செலவு பாதிதான் ஆகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, பள்ளத்தூர்

பட்டறையில் செய்வதில் தவறில்லை, அளவு சரியாக இருந்தால். முதலில் இடைவெளிகளைப் பாருங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குள் எந்த இடைவெளியும் இருக்கக்கூடாது. சின்னப் பிள்ளை காலை முதலில் விட்டு நுழையும். இடுப்பும் நெஞ்சும் போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும், கால் தரையில் எட்டாமல் கழுத்தில் தொங்கும். மாடிக் கிரில்லுக்குப் பழகிய கையால் 4, 5 அங்குலம் விட்டுப் பற்றவைத்துவிடுவார்கள். மிக ஆபத்தான அளவு அதுதான்.

இதைச் சோதிக்க டேப் வேண்டாம். தச்சரிடம் மூன்றரை அங்குல அகலம், 6.2 அங்குல உயரத்தில் ஒரு மரக்கட்டையும், 9 அங்குல விட்டத்தில் ஒரு பிளைவுட் வட்டமும் செய்து வாங்குங்கள். ஒவ்வொரு சந்திலும் கட்டையை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் நல்லது. நுழைந்தால் அதே சந்தில் வட்டமும் நுழைந்தாக வேண்டும். கட்டை போய் வட்டம் போகாத சந்து எதுவாக இருந்தாலும் இன்னொரு கம்பி வைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஏணிப்படிகளின் இடைவெளியையும் இப்படியே பாருங்கள், அங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது.

மேடை 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்தால் 29 அங்குல உயரத்துக்குக் குறையாத தடுப்பு வேண்டும். நெடுக்குக் கம்பியாக இருக்கட்டும், குறுக்குக் கம்பி வைத்தால் பிள்ளை அதையே ஏணியாக்கிவிடும். சறுக்கின் சாய்வு 30 டிகிரிக்குள், இரு ஓரமும் 4 அங்குலத்துக்குக் குறையாமல், இறங்கும் முனை தரையிலிருந்து 11 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும்.

போல்டில் நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டக்கூடாது. முனை மூடிய டோம் நட் போட்டால் கவலையே இல்லை. ஊஞ்சலின் எஸ் கொக்கியைச் சங்கிலி மாட்டியபின் நன்றாக நெருக்கிவிட வேண்டும், 1 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் துணி மாட்டும். கழுத்துக் கயிறு, துப்பட்டா போன்றவை சறுக்கின் உச்சியில் மாட்டித்தான் கழுத்தை இறுக்குகின்றன. விளையாட விடும்முன் கழுத்தில் இருப்பதைக் கழற்றிவிடச் சொல்லி வாசலில் எழுதி வையுங்கள்.

பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) இருக்க வேண்டும் என்ற வரம்பு, வீட்டுப் பெயிண்டுகளுக்கு 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலை எனாமல் வேண்டாம், ஈய வரம்புக்கு உட்பட்டது என்று டப்பாவில் அச்சிட்டதையே கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கல்லை (ஆத்தங்குடி டைல்) குழந்தைகள் இடத்தின் தளத்துக்குப் பதித்தால் அழகாக இருக்குமே?
– வாசகர், ஆத்தங்குடி

அழகாகத்தான் இருக்கும், தளத்துக்கு மட்டும் வேண்டாம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பதால்தான் ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த வழவழப்பு. மழை நீரும் மணலும் சேர்ந்தால் வழுக்கும், ஓடி வருகிற பிள்ளை விழுந்தால் மெத்தும் கிடையாது. விழும் பகுதிக்கு வெளியே, பெரியவர்கள் உட்காரும் திண்ணையின் முகப்பிலும் சுவரிலும் பதியுங்கள். பூக்கோலத்தைத் தடவிப் பார்த்து வண்ணங்களைச் சொல்வது சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

சறுக்கு வைத்து ஒரு வருடம் ஆகவில்லை. பங்குனி, சித்திரையில் அதில் கைவைக்க முடியவில்லை. வடக்குப் பார்க்கத் திருப்பி வைத்தால் சரியாகுமா?
– வாசகி, தேவகோட்டை

குளிர்நாட்டு வழிகாட்டிகள் வடக்கு என்கின்றன. அங்கே உச்சி வெயில் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும். நாம் ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் நமக்கு வடக்கே இருக்கும். கோடை விடுமுறை முழுவதும் வடக்குச் சறுக்கும் காயும் என்று அர்த்தம். மேற்கைப் பார்க்காமல் திருப்புவது மாலை வெயிலுக்கு உதவும், ஆனால் தீர்வு நிழல்தான்.

உடனடிக்கு நிழல்வலை கட்டுங்கள். தூண்கள் 6 அடி விழும் பகுதிக்கு வெளியே நிற்க வேண்டும். மேற்கே புங்கை, வேம்பு, பூவரசு நடுங்கள். முருங்கை முறியும், அதனால் வேண்டாம். அழகுக்கென்று அரளி வைக்கவே வைக்காதீர்கள், இலை, பூ எல்லாமே விஷம். வேலியோரம் தானாக முளைக்கும் ஆமணக்கு, ஊமத்தை, குன்றிமணி, சீமைக்கருவேல் கன்றுகளை வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் சறுக்கும் ரப்பர் தளமும்கூடச் சுடும். புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் பிள்ளையை ஏற்றாதீர்கள். சூடு பட்டதும் பெரியவர்கள் துள்ளி எழுவோம், சின்னது என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்து அழும்.

பூங்காவை ஒட்டி ஊருணி இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், கண்டனூர்

பயம் நியாயமானது. ஊருணியைச் சுற்றி இருக்கும் சுவரை நம்பாமல், விளையாடும் இடத்துக்கென்று 4 அடி உயரத் தனி வேலி போடுங்கள். நெடுக்குக் கம்பி, இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குள். கதவு ஒன்றே போதும், அது ஊருணிக்கு எதிர்ப் பக்கம் இருக்கட்டும், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்கும் உயரத்தில் தாழ்ப்பாளும் வேண்டும். கூட்டி வருவது பெரும்பாலும் அப்பத்தாவோ ஆயாவோதான். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கதவும் சறுக்கும் ஒருசேரக் கண்ணில் படும்படி பெஞ்சைப் போடுங்கள்.

மணலில் நாய், பூனை அசுத்தம் செய்கின்றன. இரவில் பாட்டில் உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மணலே வேண்டாம் என்கிறார்கள் சிலர்.
– வாசகி, கானாடுகாத்தான்

நாய், பூனைக் கழிவிலிருந்து வரும் புழுக்கள் மண் வழியாகப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்பது உண்மை. அதற்காக மணலை எடுத்துவிட்டுச் சிமெண்டு போடுவது தலையில் அடி வாங்கத் தயாராவது. தோண்டி விளையாடும் சின்ன மணல் தொட்டியை இரவில் காற்றுப் புகும் வலைத் தார்பாய் போட்டு மூடுங்கள். சறுக்கின் கீழுள்ள மணலைத் தினமும் காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன், வாரியால் அடிவரை கிளறிவிட வேண்டும். கழிவும் கண்ணாடியும் மேலே வரும், இறுகியதும் இளகும். சறுக்கு முடியும் இடத்தில் பள்ளமாகியிருந்தால் அப்போதே இழுத்து நிரப்பிவிடலாம். திருவிழா முடிந்த மறுநாள் மேல் 4 அங்குலத்தை முழுதாகச் சலித்தெடுங்கள். பழைய டயர் வைத்திருந்தால் அடியில் துளை போடுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். வேலையைச் செய்பவருக்கு ஒரு நோட்டு கொடுத்து, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.