முழங்கால் வீக்கம் வடிந்த பிறகும் கண் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. சென்ற ஆண்டு அவளுடைய வலது முழங்கால் வீங்கியபோது, சிறார் மூட்டழற்சி என்று மருத்துவர் கூறினார். ரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. (உடலின் சொந்த அணுக்களையே எதிர்க்கும் ஒருவகை எதிர்ப்பொருள்) இருப்பதும் தெரிந்தது. இப்போது வீக்கம் வடிந்து, பாலர் பள்ளியில் ஓடி விளையாடுகிறாள். ஆனாலும் 3 மாதத்திற்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள். கண் சிவக்காத, வலி என்று சொல்லாத குழந்தையை எதற்கு அலைக்கழிக்கிறாய் என்று என் மாமியார் கேட்கிறார். அடுத்த முறை போகாமல் விடலாமா?
- ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. மூட்டைத் தாக்கும் அதே நோய் எதிர்ப்புக் கோளாறு, கண்ணின் கருவிழிக்குப் பின்னால் உள்ள பகுதியிலும் அழற்சியை உண்டாக்கக்கூடும். இதை யுவியைட்டிஸ் என்பார்கள். சிறார் மூட்டழற்சி உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு இது வருகிறது. சில மூட்டுகளில் மட்டும் நோய் கண்ட, ஏ.என்.ஏ. உள்ள, மிகச் சிறு வயதிலேயே நோய் தொடங்கிய பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் மகள் இந்த மூன்றிலும் அடங்குகிறாள். அதனால்தான் முதல் 4 ஆண்டுகளுக்கு இவ்வளவு நெருக்கமான கண்காணிப்பு.

இவ்வகைப் பிள்ளைகளுக்குக் கண் பெரும்பாலும் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, நீர் வடிவதுமில்லை. ஒரு கண்ணில் பார்வை மங்கினாலும், மற்றொரு கண்ணால் பார்த்துப் பழகிவிடும் 5 வயதுக் குழந்தைக்கு அதை எடுத்துச் சொல்லத் தெரியாது. பெற்றோர் கண்டுபிடிக்கும் வேளையில் கண்பாப்பாவின் (கண்ணின் நடுவே உள்ள கறுப்புத் துளை) விளிம்பு லென்சோடு ஒட்டியிருக்கலாம், கருவிழியில் சுண்ணாம்புப் படிவு தோன்றியிருக்கலாம், கண்புரையும் கண் அழுத்த நோயும்கூட வந்திருக்கலாம். உங்கள் மாமியாரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பேத்தியின் மீதுள்ள அக்கறையால்தானே அவர் கேட்கிறார்.

முழங்கால் நன்றாக இருப்பதால் கண்ணும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. மூட்டு அடங்கியிருக்கும்போதே கண்ணில் அழற்சி தொடங்குவதுண்டு. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்துப் பார்ப்பதும் இதற்கு ஈடாகாது. கண்ணின் முன்னறையில் மிதக்கும் அழற்சி அணுக்களை ஸ்லிட் லேம்ப் என்ற கருவியின் மெல்லிய ஒளிக்கற்றையில்தான் காண முடியும்.

அழற்சி தெரிந்தால், முதலில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருவார்கள். அந்தச் சொட்டு மருந்து நீண்ட நாள் நீடித்தால் கண்புரைக்கும் கண் அழுத்தத்திற்கும் வழிவிடும் என்பதால், தேவைப்படும்போது நோய் எதிர்ப்புக் கோளாறை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் அடலிமுமாப் ஊசி என்று போவார்கள். சொட்டு மருந்தையோ மாத்திரையையோ நீங்களாகக் குறைக்க வேண்டாம். மருந்தைக் குறைக்கும் காலத்தில்தான் அழற்சி மீண்டும் தலைதூக்குகிறது.

பரிசோதனையில் வலி இல்லை. குழந்தை உங்கள் மடியிலேயே உட்காரலாம். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து சற்று எரியும், பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப் பார்ப்பது மங்கலாகும்; தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ எடுத்துச் செல்லுங்கள், அன்று எழுத்து வேலை எதுவும் கொடுக்காதீர்கள்.