ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே மின்சிக்கனம் படிக்க எங்கே தொடங்குவது?

டிப்ளமோ இஇஇ முடித்து, பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருப்பதாகவும், எந்தக் கோர்ஸில் சேரலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் கோவை வட்டார மில்களில் இதே வேலை பார்ப்பவன்தான்.

கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அக்கவுன்ட்ஸில் கேட்டு, ஒரு வருடத்து ஹெச்டி (உயர் அழுத்த மின் இணைப்பு) பில்லை வாங்கி உட்கார்ந்து படியுங்கள். 850 கிலோவாட் லோடு ஓடும் மில்லில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையாக வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.85 என்றால் டிமாண்ட், அதாவது மில் லைனிலிருந்து இழுப்பதாகப் பில்லில் வரும் அளவு, 1000 கேவிஏ, அதுவே 0.98 என்றால் 867 கேவிஏதான். பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெப்பாசிட்டர் பேங்க் சரியாக இருந்தாலே இவ்வளவு வித்தியாசம் வரும், 0.90க்குக் கீழே இறங்கினால் அபராதம் வேறு. பீக் ஹவர் (மின் தேவை அதிகமான நேரம்) கட்டணம் எவ்வளவு, அந்த நேரத்தில் எந்த மெஷின் ஓட வேண்டியதில்லை என்பதையும் பில்லை வைத்தே யோசிக்கப் பழகலாம்.

அடுத்தது மெஷின்களுக்கு அழுத்தக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர். தீபாவளி, பொங்கல் லீவில் மெஷின் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு) எத்தனை நிமிடம், அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். யாருமே காற்று எடுக்காத நேரத்தில் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் லோடில் ஓடினால், அந்தக் கம்ப்ரசர் கொடுக்கக்கூடிய காற்றில் 30 சதவீதம் லீக்கிலேயே போகிறது என்று அர்த்தம். ஆட்டோகோனர் (நூலைக் கோனில் சுற்றும் மெஷின்) பக்கம் ஹோஸ், கப்ளிங், எஃப்ஆர்எல் யூனிட் (காற்றை வடிகட்டி, பிரஷரைச் சீராக்கி, எண்ணெய் சேர்ப்பது) எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். பிரஷரை ஒரு பார் குறைக்க முடிந்தால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 6, 7 சதவீதம் மிச்சம், ஆனால் ஆட்டோகோனருக்கு எவ்வளவு வேண்டும் என்று மெஷின் மேனுவலைப் பார்த்த பிறகே குறைக்க வேண்டும்.

டிப்பார்ட்மென்டுக்கு ஈரக் காற்று அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனும் நல்ல பாடம். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது எடுக்கும் பவர் கிட்டத்தட்ட பாதியாகும், ஏனென்றால் பவர் வேகத்தின் கனப்படி (வேகம் × வேகம் × வேகம்) மாறுகிறது. மழைக்காலத்தில் இவ்வளவு காற்று தேவையே இல்லை, விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு, டிப்பார்ட்மென்டில் ஈரப்பதம் கெடாமல் எங்கே வரை இறக்கலாம் என்று ஸ்பின்னிங் மாஸ்டரோடு சேர்ந்து பாருங்கள். நூல் அறுந்தால் முதலில் பழி உங்கள் மேல்தான் விழும், அதனால் அவரை ஆரம்பத்திலேயே கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் கையால் செய்து பார்த்துவிட்டு பரீட்சைக்கு வாருங்கள். எரிசக்தித் திறன் பணியகம், நாம் பிஇஇ என்கிறோமே, அது நடத்தும் எனர்ஜி மேனேஜர் தேர்வில் மூன்று தாள், எனர்ஜி ஆடிட்டருக்கு நான்கு. டிப்ளமோவுக்கு ஆறு வருட அனுபவம் வேண்டும். புத்தகங்களை அவர்கள் தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், நன்றாக எழுதப்பட்டவை. எலக்ட்ரிக்கல்காரர்களுக்கு இரண்டாவது தாள்தான் இடிக்கும், பாய்லர், ஸ்டீம், ஃபர்னஸ் என்று முழுக்க வெப்பம். திருப்பூரிலோ பெருந்துறை சிப்காட்டிலோ சாய ஆலையில் தெரிந்தவர்கள் இருந்தால் பாய்லர் ஹவுஸை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள், ஸ்டீம் டிராப்பைப் (ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட ஓடுகிற ஒன்றைப் பார்ப்பது மேல். கோவை சிட்ராவில் (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) ஜவுளித் துறைக்கென்றே பயிற்சிகள் நடக்கின்றன, மில் அனுப்பத் தயார் என்றால் தவறவிடாதீர்கள்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். எங்கே பார்த்தாலும் பயிற்சிக்கு மேனேஜரும் சூப்பர்வைசரும்தான் போகிறார்கள், அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில். ராத்திரி ஷிஃப்டில் லீக் சத்தத்தைக் கேட்பது ஃபிட்டர். எரிந்த மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புவதும் அவர்தான், பலமுறை ரீவைண்ட் ஆன மோட்டார் எவ்வளவு அதிகமாகக் கரண்ட் குடிக்கும் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. அவருக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் சர்டிஃபிகேட் வைத்திருந்தால் மில்லில் ஒரு யூனிட்கூடக் குறையாது. நீங்கள் படிப்பதை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கால் மணி நேரம், தமிழில், அந்த மெஷின் பக்கத்திலேயே நின்று அவர்களுக்குச் சொல்லுங்கள். எனர்ஜி ஆடிட்டுக்கு வெளியாட்கள் பவர் அனலைசரோடு (மின் அளவுகளை எடுக்கும் கருவி) வரும்போது பேனல் திறந்துவிட்டு ஒதுங்காமல், ஒரு ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு கடைசிவரை அவர்களோடு நடந்து, ஒவ்வொரு ரீடிங்கும் எதற்கு என்று கேளுங்கள்.