பைபாஸுக்குப் பின் நெஞ்செலும்பு சேருமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. இதய ரத்தக்குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். நெஞ்செலும்பை அறுப்பார்கள் என்று கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. அந்த எலும்பு மறுபடி சேருமா? வீட்டுக்கு வந்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: சேரும். முதலில் இதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நடு நெஞ்சில் இருக்கும் அந்தத் தட்டை எலும்பை நெடுக அறுத்து விலக்கினால்தான் இதயம் கைக்கு எட்டும். அடைப்பை நாங்கள் சுரண்டி எடுப்பதில்லை. காலிலிருந்து எடுத்த சிரை, நெஞ்சுச் சுவரின் உள்பக்கம் ஓடும் தமனி போன்றவற்றை வைத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி போடுகிறோம். முடிந்ததும் எலும்பின் இரு பாதிகளையும் சேர்த்து எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டிவிடுவோம். கம்பிகள் உள்ளேயே இருக்கும். பின்னாளில் எக்ஸ்ரே எடுத்தால் வரிசையாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

ஐசியூவில் முதலில் பார்க்கும்போது வாயில் மூச்சுக்குழாய் இருக்கும், அப்பாவால் பேச முடியாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

எலும்பு ஓரளவு உறுதியாக ஆறு முதல் எட்டு வாரம், முழுதாகச் சேர மூன்று மாதம் வரை ஆகும். வீட்டில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, அன்பினால் நடப்பதுதான்: படுத்திருப்பவரின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தூக்குவது. அந்த இழுவை நேரே நெஞ்செலும்பில் விழும். அவர் பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு எழட்டும், நீங்கள் முதுகைத் தாங்கினால் போதும். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். சளி வெளியே வந்தாக வேண்டும், வலிக்குப் பயந்து அடக்கக் கூடாது. நிரம்பிய தண்ணீர்க் குடமெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். நடை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடட்டும்.

சிரை எடுத்த கால் சில வாரம் வீங்கலாம், உட்காரும்போது உயர்த்தி வையுங்கள். ஆனால் மூச்சு விடும்போதோ இருமும்போதோ நெஞ்செலும்பு ‘கிளிக்’ என்று நகர்வது, காயத்தில் நீர் அல்லது சீழ் வடிவது, காய்ச்சல், படபடப்பு, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.

அப்புறம், புகைப்பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், நுரையீரலும் எலும்பும் தேற அது அவசியம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப்போய் சர்ஜனிடம் காட்டுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளில் சிலவற்றை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், சிலவற்றைத் தொடரச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.