ஆல்பைன் ஸ்னோபோர்டு பைண்டிங்: மூன்று மடங்கு விலை எதற்காக?

வாசகர் கேள்வி: கடின பூட்ஸ் அணிந்து ஆல்பைன் பலகையில் கார்விங் (பலகையின் விளிம்பால் பனியைக் கீறி வளைந்து சறுக்குவது) பழகத் தொடங்கி இது எனக்கு இரண்டாவது பருவம். என் எடை 62 கிலோ. பலகையின் நடுவகலம் 19.5 சென்டிமீட்டர், உள்ளே டைட்டானல் தகடு உள்ளது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் உடலும் எஃகுக் கம்பிப் பிடிகளும் கொண்ட புதிய பிளேட் பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் தட்டு) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முழுவதும் கடைந்தெடுத்த அலுமினியத்தால் ஆன இன்னொன்று அதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. பழைய, ஆனால் உயர்தரமான ஒன்றும் முதல் பைண்டிங்கின் விலைக்கே கிடைக்கிறது. எதை வாங்கலாம்? குனியாமல் மிதித்தே மாட்டும் ஸ்டெப்-இன் வகைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது தகுமா?

பதில்: நீங்கள் தந்துள்ள விவரங்களின்படி, முதலில் சொன்ன புதிய பைண்டிங்கே உங்களுக்குப் பொருந்தும். விலையுயர்ந்தது தரத்தில் தாழ்ந்தது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அந்தக் கூடுதல் விலை எதற்காக வாங்கப்படுகிறதோ, அந்தத் தேவை உங்களுக்கு இப்போது இல்லை. உங்கள் பலகைக்கு அது ஓரளவு கெடுதலாகவும் முடியலாம்.

விலை வேறுபாட்டின் பெரும்பகுதி தயாரிப்பு முறையிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் உடலுக்கு அச்சு செய்வதுதான் செலவு. அச்சு தயாரான பிறகு ஒவ்வொரு பைண்டிங்கும் மலிவாக வெளிவரும். 6061 அல்லது 7075 வகை அலுமினியக் கலவைக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் பைண்டிங்கிலோ, ஒவ்வொரு உறுப்புக்கும் இயந்திர நேரம் தனித்தனியாகச் செலவாகிறது. சீவித் தள்ளப்படும் உலோகத்துக்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள். 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு பந்தயமான ஜயன்ட் ஸ்லாலமும், 2002 சால்ட் லேக் சிட்டி முதல் பேரலல் ஜயன்ட் ஸ்லாலமும் இடம்பெற்றிருந்தாலும், கடின பூட்ஸ் அணிந்து சறுக்குவோர் உலகெங்கும் சிறுபான்மையினரே. மென்பூட்ஸ் பைண்டிங்குகள் விற்கும் எண்ணிக்கையோடு இதை ஒப்பிடவே முடியாது. சிறு தொகுதிகளாகச் செய்யப்படும் பொருளின் விலை கூடுதலாக இருப்பதைக் கொண்டு மட்டும் அதன் வலிமையை அளந்துவிட முடியாது.

பெயர்களிலும் சற்று எச்சரிக்கை வேண்டும். டைட்டானல் என்பது உயர்வலிமை கொண்ட ஓர் அலுமினியக் கலவையே. பைண்டிங்கின் பெயரில் டைட்டானியம் என்று இருந்தாலும், அடித்தகடு எதனால் ஆனது, பூட்ஸைக் கவ்வும் கம்பிப் பிடியான பெயில் எதனால் ஆனது என்பதை விவரப் பட்டியலில் பார்த்த பிறகே விலையைப் பற்றி யோசியுங்கள்.

கடைந்தெடுத்த அலுமினியம் உண்மையில் தருவது இரண்டு: விறைப்பும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஆட்டமின்றிப் பொருந்துவதும். வளைவில் 60 பாகை சாய்ந்து நிலையாகச் சறுக்குபவரின் கால்களுக்குக் கீழே அவருடைய எடையைப் போல் இரண்டு மடங்கு விசை இறங்குகிறது. உங்களுக்கு அது சுமார் 124 கிலோ எடைக்குச் சமம். 95 கிலோ எடையுள்ளவருக்கு 190 கிலோ. மேடு பள்ளங்களின் அதிர்ச்சி இதற்கு மேல். அந்தக் கனத்தவர் இறுகிய பனிக்கட்டிப் பரப்பில் வேகமாகச் சறுக்கும்போது பிளாஸ்டிக் உடல் நெளிந்தால், அவர் பலகையின் விளிம்புக்குக் கொடுக்கும் கட்டளை தாமதமாகப் போய்ச் சேரும். அவருக்கு மூன்று மடங்கு விலையில் நியாயம் உண்டு. உங்கள் எடையில் அந்த நெளிவு ஒரு குறையாகத் தெரியாது. இன்னும் சொன்னால், அது அதிர்ச்சியை விழுங்கி, பிழையான அசைவுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

பலகையின் பக்கமிருந்து பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுப்பெறும். பலகை வில்லாக வளைந்தால்தான் வளைவு உருவாகும். விறைப்பான, அகன்ற அடித்தட்டு அந்த வில்லின் நடுவே வளையாத ஒரு பகுதியை உண்டாக்குகிறது. பலகை வளைவதன் அழுத்தம் அந்தப் பகுதியின் ஓரத்தில், திருகுத் துளைகளை ஒட்டிக் குவிகிறது. டைட்டானல் ஓர் எல்லைக்கு மேல் வளைந்தால் திரும்பி நிமிராது, மடிப்பு விழுந்தபடியே நின்றுவிடும். உயர்மட்டப் பந்தய வீரர்கள் பலகைக்கும் பைண்டிங்குக்கும் இடையே தனியாக ஒரு நீண்ட தகட்டைப் பொருத்திக்கொள்வதன் நோக்கங்களுள் ஒன்று, காலடி விறைப்பு பலகையின் வளைவைத் தடுக்காமல் பார்த்துக்கொள்வதே. உலோகப் பைண்டிங் செய்பவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர்: பாம்பர் நிறுவனத்தின் டிடி3 மாதிரியில் அலுமினியத் தட்டுகளுக்கு இடையே ரப்பர் போன்ற மீள்பொருள் வளையம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பந்தயக் களங்களில் பரவலாகக் காணப்படும் எஃப்2 நிறுவனத்தின் பைண்டிங்குகள் அதைவிட நெகிழ்வானவை. உச்ச விறைப்பே உச்சத் தரம் என்ற எண்ணம் இவ்விடத்தில் பொருந்தாது என்பதற்கு இவை போதுமான சான்று.

மிச்சமாகும் பணத்தைச் சாய்வுச் சரிசெய்தலுக்குச் செலவிடுங்கள். ஆல்பைன் நிலையில் முன்கால் பலகையின் முனையை நோக்கி 55 முதல் 65 பாகை வரை திரும்பி நிற்கும். பின்கால் அதைவிடச் சில பாகைகள் குறைவு. முன்காலின் விரல் பக்கத்தை லிஃப்ட் எனும் ஆப்பு கொண்டு சற்று உயர்த்தி, பின்காலின் குதிகால் பக்கத்தையும் அவ்வாறே உயர்த்தினால், இரண்டு முழங்கால்களும் இயல்பாக உள்நோக்கி வரும். தேவைப்பட்டால் பக்கவாட்டுச் சாய்வான கேண்டும் சிறிது சேர்க்கலாம். 3 பாகை, 6 பாகை ஆப்புகள் பொதுவாகக் கிடைக்கின்றன. முதலில் 3 பாகையை மட்டும் வைத்துப் பாருங்கள். சாய்வு தவறாக அமைந்த விலையுயர்ந்த பைண்டிங்கைவிட, சரியாக அமைந்த எளிய பைண்டிங் முழங்காலுக்கும் வளைவுக்கும் நல்லது. எனவே பைண்டிங்கைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆப்புகள் அதனுடனேயே வருகின்றனவா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டு, மொத்த விலையை ஒப்பிடுங்கள்.

தரத்தைச் சோதிக்க வேண்டிய உண்மையான இடம் பெயில், அதாவது பூட்ஸின் முனையையும் குதிகாலையும் கவ்விப் பிடிக்கும் கம்பி வளையம். ஒவ்வொரு முறை பூட்டும்போதும், ஒவ்வொரு வளைவிலும், அது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைந்து களைப்படைகிறது. முறிவு பெரும்பாலும் வளைவு முனையிலோ, உடலோடு இணையும் இடத்திலோதான் தொடங்கும். இந்தப் பைண்டிங்குகள் பனிச்சறுக்கு ஸ்கீயின் பைண்டிங் போல விழும்போது தாமாகக் கழன்றுவிடுவதில்லை. வேகத்தில் ஒரு பெயில் முறிந்தால் ஒரு கால் விடுபட்டு, மற்றொரு கால் மட்டும் பலகையோடு சேர்ந்து முறுக்கப்படும். முழங்காலுக்கு இதைவிடக் கெட்ட நிலை அரிது. ஆகவே மாற்றுப் பெயில் தனியாக விற்கப்படுகிறதா என்பது நான் முதலில் கேட்கும் கேள்வி. இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பைண்டிங் வேண்டாம். பெயிலைப் பூட்டும் லீவரைக் கட்டைவிரலின் உறுதியான அழுத்தத்தில் பூட்ட முடிய வேண்டும். உள்ளங்கையால் அடித்துப் பூட்டும் அளவுக்கு இறுக்கினால் பெயிலின் ஆயுள் குறையும், தளர்வாக விட்டால் பூட்ஸ் ஆடி அதிர்ச்சி பெருகும்.

திருகுகள் மலிவானவைதான், ஆனாலும் அலட்சியம் கூடாது. உங்கள் பலகையின் துளைகள் 4-க்கு 4 சென்டிமீட்டர் அமைப்பா என்று பார்த்து, பைண்டிங்கின் வட்டத் தட்டு அதற்குப் பொருந்துவதை உறுதி செய்யுங்கள். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகுகளே வழக்கம். ஆப்பு சேர்த்தால் அதற்கேற்ப நீளமான திருகு வேண்டும். குட்டையானது போதிய மரைகளைப் பற்றாது. மிக நீளமானது பலகையின் அடிப்பரப்பைப் புடைக்கச் செய்துவிடும். முதல் நாள் சில ஓட்டங்கள் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள்.

பழைய பைண்டிங்கைப் பொறுத்தவரை, அதன் உடல் எதனால் ஆனது என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும். உடல் பிளாஸ்டிக் என்றால், வயதும் வெயிலும் அதை நொறுங்கக் கூடியதாக்கியிருக்கும். கடுங்குளிர் அந்தக் குறையை மேலும் பெரிதாக்கும். திருகுகளைச் சுற்றி வெண்மையான கோடுகள் தெரிந்தால் மேற்கொண்டு பேரம் பேசவே வேண்டாம். உடல் அலுமினியம் என்றால் நீண்ட காலம் உழைக்கும்தான். ஆனால் எஃகுக்கு இருப்பது போன்ற களைப்பு வரம்பு அலுமினியத்துக்கு இல்லை, சிறு சுமையும் திரும்பத் திரும்ப விழுந்தால் காலப்போக்கில் விரிசல் வரலாம். துளைகளின் ஓரங்களையும் உள்மூலைகளையும் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். பார்வைக்குக் குறையில்லை என்றாலும், நான்கு பெயில்களையும் எல்லாத் திருகுகளையும் புதிதாக மாற்றும் செலவைச் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் அந்தக் கூட்டுத்தொகை புதியதன் விலையைத் தாண்டிவிடும்.

ஸ்டெப்-இன் பற்றிக் கேட்டீர்கள். இன்டெக் வகையில் பூட்ஸின் குதிகாலிலுள்ள இரண்டு எஃகு ஊசிகள் பைண்டிங்கின் குதிகால் துண்டில் சொடுக்கி நுழைகின்றன. பூட்ஸுக்குள் மேலேறி வரும் கம்பியின் கைப்பிடியை இழுத்தால் விடுபடும். குனியாமல் மாட்டிக் கழற்றலாம் என்பது உண்மையான வசதி. இடுப்பு வலியுள்ளவர்கள் இதற்காகத் தயங்காமல் செலவழிக்கலாம். ஆனால் பைண்டிங்கின் விலை மட்டும் கணக்கல்ல. உங்கள் பூட்ஸ் அந்தக் குதிகாலை ஏற்குமா, குதிகால் தொகுதியின் விலை என்ன என்பவையும் சேரும். கம்பி தேயும், துளைகளில் பனி அடைந்தால் ஊசி முழுவதும் நுழையாமல் பூட்டியது போன்ற தோற்றம் தரும். பக்கவாட்டில் இது பெயில் வகையைவிட இறுக்கமாக உணரப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உடல் வலி எதுவும் இல்லையென்றால், இந்தப் பருவத்தில் சாதாரண லீவர் வகையை வாங்குங்கள். அதோடு ஒரு ஜோடி மாற்றுப் பெயிலும் உரிய திருகுளியும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குதிகால் துண்டை மட்டும் பின்னர் ஸ்டெப்-இன்னாக மாற்றிக்கொள்ள வசதியுள்ள மாதிரி கிடைத்தால், சிறிது கூடுதல் விலை கொடுத்தாவது அதையே தேர்ந்தெடுங்கள்.