‘போதும்மா, நீ கிளம்பு’

மேடம், எங்களுக்கு ஊர் போடி. ஒரே மகள். மூன்று வாரத்துக்கு முன்னால் கோவையில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டோம்.

அன்றைக்கு அவள் அப்பா மெத்தையையும் பெட்டியையும் சுமந்து வந்தார். லேடீஸ் ஹாஸ்டல் வாசலோடு அவரை நிறுத்திவிட்டார்கள். கையில் வாளியும் மக்குமாக வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் மட்டும் இரண்டாம் மாடிக்கு ஏறினேன். அலமாரியைத் துடைத்துப் பேப்பர் விரித்தேன், பெட்ஷீட் போட்டேன், பருப்புப் பொடி, இட்லிப் பொடி டப்பாவிலெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம், “இவளுக்கு இருட்டுன்னா பயம்மா. எழுப்பினாத்தான் எந்திரிப்பா, கொஞ்சம் பாத்துக்க” என்று சொன்னேன். என் மகள் முகம் சுருங்கிப்போய், “போதும்மா, நீ கிளம்பு” என்றாள். பஸ்ஸில் பொள்ளாச்சி தாண்டும்வரை எனக்கு அழுகை நிற்கவில்லை.

தினமும் ஐந்தாறு தடவை போன் பண்ணுவேன். “ம்”, “சாப்டேன்”, “வைக்கிறேன்” என்பதோடு சரி. ஒருநாள் ராத்திரி எடுக்கவே இல்லை. பயந்துபோய் வார்டனைக் கூப்பிட்டேன். மறுநாள் அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. நாலு நாள் பேச்சே இல்லை. ஆனால் போன ஞாயிறு ராத்திரி பதினோரு மணிக்கு அவளாகவே கூப்பிட்டு, “முடியலம்மா, வந்து கூட்டிட்டுப் போ” என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில் கேட்டால், “ஒண்ணுமில்ல, லேப் இருக்கு” என்கிறாள். எதையாவது மறைக்கிறாளா? சனிக்கிழமை போய்க் கூட்டி வந்து, இங்கே பக்கத்திலேயே சேர்த்துவிடலாமா? அவர் ‘கொஞ்சம் பொறு’ என்கிறார். நான் இன்னும் மூணு பேருக்குத்தான் உலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

— ஒரு அம்மா, போடி

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டி வருவதற்காகச் சனிக்கிழமை போகாதீர்கள். உங்கள் கணவர் சொல்வதுதான் இப்போதைக்குச் சரி.

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், வராந்தா வெறிச்சென்று கிடக்கும், மறுநாள் காலேஜ். நானும் விடுதியில் இருந்து படித்தவள்தான். முதல் வருஷம் என் அழுகையெல்லாம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் சேரும். உங்கள் மகள் அன்றைக்கு அழுததும் நிஜம், திங்கட்கிழமை லேபுக்குப் போனதும் நிஜம். பாரத்தை உங்களிடம் இறக்கிவைத்துவிட்டு அவள் தூங்கியிருப்பாள். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்கள். நாலு நாள் கோபத்துக்குப் பிறகும் அழுவதற்கு உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்பதைக் கவனித்தீர்களா?

மறுபடி அழுதால், “நாளைக்கே வர்றேன்” என்றோ “இதுக்கெல்லாமா அழுவாங்க” என்றோ சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். “என்ன ஆச்சு, சொல்லு” என்பது போதும்.

‘போதும்மா’வுக்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகப் படலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். புது ரூம்மேட்டிடம் தன்னைப் பற்றி என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருப்பாள். அதற்குள் இருட்டுப் பயத்தை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பதினேழு பதினெட்டு வயசில் அது சின்ன விஷயம் இல்லை. அதோடு, நீங்கள் இன்னும் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் அவளும் உடைந்து அழுதிருக்கலாம். கிளம்பச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். வார்டன் விஷயம் அதைவிடப் பெரிசு. ‘உங்க அம்மா போன் பண்ணாங்களாமே’ என்று மெஸ்ஸில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். “பயத்துல பண்ணிட்டேன், சாரிடா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அம்மா மன்னிப்புக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

போன் நேரத்தை அவளே சொல்லட்டும், ஒரு நாளைக்கு ஒரு தடவை. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் ‘சாப்டேன்’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாகத் தெருவில் நடந்ததைச் சொல்லுங்கள், அப்பா வைத்த ரசம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். அவள் வாயும் தானாகத் திறக்கும்.

எப்போது போயே ஆக வேண்டும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்கும் போகாமல் இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அன்று ராத்திரியே பஸ் ஏறுங்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை யாராவது அவள் கூடவே இருக்கும்படி வார்டனிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவள் கோபத்தைப் பார்க்க வேண்டாம். டெலி-மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு மனசு தாங்காவிட்டால் நீங்களும் கூப்பிடலாம்.

யாரையோ பார்த்துப் பயப்படுகிறாள் என்று தோன்றினால் ராகிங் நடக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் பேசலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை, இருந்தாலும் எண்களைக் குறித்து வையுங்கள்.

காலேஜ் மாற்றுகிற பேச்சை முதல் செமஸ்டர் முடியும்வரை நீங்களாக எடுக்க வேண்டாம். பரீட்சை எழுதிய பிறகும் அவள் அதையே சொன்னால் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

உலை விஷயம்... மூணு பேருக்கு வைத்துப் பழகிய கை உடனே மாறாது. கொஞ்ச நாள் பழைய சோறு மிஞ்சட்டும், பரவாயில்லை. அன்றைக்கு வேப்பமரத்தடியில் வாளியோடு நின்ற மனிதரிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்களா? மாடிக்கு ஏறிப் பார்க்க உங்களுக்காவது கொடுத்துவைத்திருந்தது.

ஆயுத பூஜை லீவுக்கு வரட்டும். டிக்கெட்டை அவளே போடட்டும். நீங்கள் இரண்டு பேரும் போடி பஸ் ஸ்டாண்டில் நின்றால் போதும், தேனி வரைக்கும் எதிர்கொண்டு போக வேண்டாம்.